முதியோருக்கு உகந்த ஊர்: கொள்கைப் பணியில் மாணவர் இன்டர்ன்ஷிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செமஸ்டர் முடியும் நேரமானால் போன் அடிக்கத் தொடங்கிவிடும். மாணவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, துறைத்தலைவர்கள், சில சமயம் மூத்த குடிமக்கள் சங்கத்துப் பெரியவர்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. முதியோர் தொடர்பான கொள்கைப் பணிக்கு வரும் மாணவர்களுக்குக் களத்தில் வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே. பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து.

முதியோர் இல்லத்துக்குப் போய் பாட்டு பாடி, பழம் குடுத்துட்டு வர்றதுதானே சார் இந்த இன்டர்ன்ஷிப்?

இல்லை. அது நல்ல காரியம்தான், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் செய்துவிடலாம், அதற்கு இன்டர்ன்ஷிப் தேவையில்லை. இல்லங்களில் இருப்பவர்கள் முதியோரில் சிறு பங்குதான். மற்றவர்கள் எல்லாரும் நம் தெருவில், நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வாசற்படி இறங்கி ரேஷன் கடைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்த் திரும்புவதற்குள் எங்கெங்கே தடுக்கிறது என்று பார்ப்பது, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, அவர் மேஜைக்குக் காகிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பதில் வரும்வரை விடாமல் கேட்பது. இவ்வளவுதான் வேலை.

விழிப்புணர்வுப் பேரணியும் இதில் சேராது. அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று தொப்பியும் பதாகையுமாக ஊர்வலம் போனால் போட்டோ வரும். நடைபாதை உயரம் அப்படியேதான் இருக்கும்.

"முதியோருக்கு உகந்த ஊர்"னு சொல்றாங்களே, அது யார் சொன்னது? அப்படின்னா என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உலகம் முழுக்க 33 நகரங்களில் முதியவர்களையே உட்கார வைத்துப் பேசித் தயாரித்தது. இந்தியாவிலிருந்து டெல்லியும் உதய்ப்பூரும் அதில் இருந்தன. ஒரு ஊரை எட்டு கோணங்களில் பார்க்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி: வெளியிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூக நிகழ்ச்சிகளில் பங்கேற்பு, மரியாதை, குடிமைப் பணியும் வேலையும், தகவல் கிடைப்பது, மருத்துவமும் ஆதரவுச் சேவைகளும். 2010-இல் இப்படி மாற முயலும் ஊர்களுக்கென்று ஒரு உலக வலையமைப்பும் தொடங்கினார்கள். 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு என்று ஐநா அறிவித்திருக்கிறது.

நமக்கு இது ஏன் அவசரம் என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான கணிப்பு 13.6. 2031-க்கு 18.2. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

எட்டையும் தொட்டு ஒரு ரிப்போர்ட் போடலாம் என்று வருபவர்களிடம் நான் சொல்வது: ஒன்றை எடுங்கள். அதிலும் ஒரு தெரு, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு ரேஷன் கடை போதும்.

நான் பி.காம். எம்எஸ்டபிள்யூ படிக்காதவங்க சேரலாமா?

தாராளமாக. எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை, மாணவர்களுக்குப் பேச்சுக் கொடுக்கத் தெரியும், ஆனால் பட்ஜெட் புத்தகத்தைக் கண்டால் பாதிப் பேர் ஓடுவார்கள். சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை வைத்தது: போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும். அந்தப் பணம் ஒரு குறிப்பிட்ட வார்டுக்கு எவ்வளவு வந்தது என்று தேட பி.காம். மாணவர்தான் வேண்டும். சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் அளவெடுப்பார்கள். சட்ட மாணவர்களுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் யாராவது வந்தால் எனக்குத் தனி சந்தோஷம், மனு எழுதத் தெரிந்தவர்கள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

எத்தனை நாள்? கிரெடிட் வருமா? ஸ்டைபண்ட் உண்டா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வழிகாட்டுதலின்படி இளநிலை மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப் 60 முதல் 120 மணி நேரம், 2 முதல் 4 கிரெடிட். எம்எஸ்டபிள்யூ மாணவர்களுக்கு வழக்கமாக வாரம் இரண்டு நாள் களப்பணி உண்டு. அதோடு தொடர்ச்சியாகச் சில வாரங்கள் பிளாக் பிளேஸ்மென்ட். இந்த வேலைக்கு வாரம் இரண்டு நாள் என்று நீண்டு போவதுதான் வசதி. அரசு அலுவலகத்தில் கொடுத்த காகிதம் நகர நாளாகும், நீங்கள் ஒரே மூச்சில் பதினைந்து நாள் உட்கார்ந்தாலும் அது வேகமாக நகராது.

ஸ்டைபண்ட் பெரும்பாலும் கிடையாது. பஸ் கட்டணம், ஜெராக்ஸ் செலவு யார் தருவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் மூன்றாவது வாரம் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

எங்க போய்ச் சேரணும்? எப்படித் தேடுறது?

முதியோருக்காக வேலை செய்யும் ஹெல்ப்ஏஜ் இந்தியா மாதிரி பெரிய அமைப்புகள் இருக்கின்றன. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உங்கள் கல்லூரித் துறை வழியாகக் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். 2025-26 மாநில பட்ஜெட்டில் முதியோருக்கு 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள் அறிவித்தார்கள். உங்கள் மாவட்டத்தில் அது இருந்தால் முதியவர்களைச் சந்திக்க நல்ல இடம்.

என் விருப்பத்தைக் கேட்டால், உங்கள் பகுதியில் இயங்கும் மூத்த குடிமக்கள் சங்கம் அல்லது ஓய்வூதியர் சங்கம். அங்கே ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இருப்பார், எந்த செக்ஷனில் எந்தக் கோப்பு இருக்கும் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நான் போன பிறகு இதை யார் தொடர்வார்கள்?" பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

முதல் வாரம் என்ன வேலை குடுப்பீங்க? படிக்க ஏதாவது தருவீங்களா?

இஞ்ச் டேப் தருவேன். படிப்பு அப்புறம். ஒரு முதியவரோடு அவர் வழக்கமாகப் போகும் இடத்துக்கு, அவர் நடக்கும் வேகத்தில், கூடவே போய்விட்டு வர வேண்டும். கையைப் பிடித்துத் தூக்கிவிடாமல் அவராக எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பஸ் ஏறும் பாட்டி ஒருவரைப் பாருங்கள். முதலில் பையை மேல்படியில் வைப்பார். இடது கையால் கம்பி, வலது கையை முழங்காலில் ஊன்றி ஒரு காலைத் தூக்கி வைப்பார். இரண்டாவது கால் மேலே வருவதற்குள் விசில். இதில் பஸ்ஸின் உயரத்தை உங்களால் மாற்ற முடியாது. சென்னையில் 2024 முதல் வரும் தாழ்தளப் பேருந்துகளின் தளம் சுமார் 40 சென்டிமீட்டர், பழைய பஸ்களில் அதைப் போல இரு மடங்குக்கு மேல். ஆனால் அதே பழைய பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால், முதல் படிக்கு ஏற வேண்டிய உயரம் ஒரு சாண் அளவு குறையும். ஏன் ஒட்டி நிற்பதில்லை? நிறுத்தத்துக்கு முன்னால் பைக்குகள் நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, போக்குவரத்துக் கழகத்துக்குப் போக இருந்த மனு இப்போது போக்குவரத்துக் காவல்துறைக்குப் போக வேண்டும். முதல் வாரத்தில் இந்த ஒரு திருப்பத்தைப் பிடித்துவிட்டால் போதும்.

அளவெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைகள் மாமன்றத்தின் (ஐஆர்சி) 103-ஆம் எண் விதித்தொகுப்பு, 2012 பதிப்பு, நடைபாதையின் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். பல இடங்களில் விளிம்பு ஒரு அடி உயரம் இருக்கும், நடுவில் மின்சாரப் பெட்டி நிற்கும். சிக்னலையும் பாருங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 14 மீட்டர் சாலைக்கு 12 நொடி. முட்டிவலியுள்ள ஒருவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 17 நொடிக்கு மேல் ஆகும். நடுச்சாலையில் பச்சை விளக்கு மாறிவிடும்.

கொள்கைன்னா சட்டசபை, டெல்லி. ஒரு ஸ்டூடண்ட் என்ன பண்ணிட முடியும்?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பாதிக் குழப்பம், எந்த விஷயம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாததால் வருவது. முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு மத்திய பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 ஆனால் 500. அந்த 200 பல வருடங்களாக அப்படியே இருக்கிறது. மீதியை மாநிலம் போடுகிறது. "தொகையை உயர்த்துக" என்று கலெக்டரிடம் மனு கொடுத்தால் அவர் என்ன செய்வார்? வாங்கி வைப்பார். அவர் கையில் அது இல்லை. ஆனால் தகுதியிருந்தும் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கிறது என்றால் அது சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் மேஜையில் இருக்கிறது. அங்கே உங்களால் முடியும்.

இதே மாதிரி, ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அது ரயில்வே அமைச்சகம் முடிவெடுக்க வேண்டியது, உங்கள் தொகுதி எம்பி வழியாகக் கேட்கலாம். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திருப்பி அனுப்புகிறார்களா? அது மாநில உணவுத் துறை. வேறொருவரை நியமித்து வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, 2025 ஆகஸ்டில் 70 வயது தாண்டியவர்களுக்கு வீடு தேடி ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் வந்தது. ஆக, திட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்ற பட்டியல்தான் வேண்டும். நிறுத்தத்தில் பெஞ்ச் இல்லையா? வார்டு கவுன்சிலர் போதும், டெல்லி வேண்டாம்.

நான் மாணவர்களிடம் கறாராகச் சொல்வது, உங்கள் இன்டர்ன்ஷிப் காலத்துக்குள் "சரி" அல்லது "முடியாது" என்று சொல்லக்கூடிய ஒரு ஆளிடம் போகும் கோரிக்கையை எடுங்கள். பெரிய கோரிக்கைகளைச் சங்கங்கள் வருடக்கணக்கில் நடத்துகின்றன. அதற்கு நீங்கள் தரவு கொடுக்கலாம்.

கிராம சபையில நான் எழுந்து பேசலாமா?

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் கிராம சபையின் உறுப்பினர்கள். நீங்கள் வெளியூர் என்றால் பார்வையாளர்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எழுந்து பேச வேண்டியவர் அந்த ஊர்த் தாத்தாவோ பாட்டியோதான். நீங்கள் அளந்த கணக்கை அவருக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்தால் உங்களைவிட நன்றாகப் பேசுவார். கல்லூரிப் பிள்ளை இங்கிலீஷ் கலந்து பேசினால் தலைவர் "நல்ல யோசனை தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் கால அட்டவணையை இதை வைத்துப் போடுங்கள். நகரத்தில் பகுதி சபை, வார்டு குழு இருக்கின்றன, 2022-இல் விதிகள் வந்தன. எந்த சபையானாலும் ஒன்று முக்கியம். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் கலைவதற்கு முன் பார்க்க வேண்டும். எழுதாத தீர்மானத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் போக முடியாது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் கிராம சபை நடக்காது, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டமும் நிற்கும். அந்தச் சமயத்தில் அளவெடுக்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

மனு எப்படி எழுதணும்? மாடல் ஏதாவது இருக்கா?

ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. மாணவர்கள் எழுதிவரும் மனுக்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "இன்றைய நவநாகரிக உலகில் முதியோர் பல்வேறு இன்னல்களுக்கு ஆளாகி வருகின்றனர்." இதைப் படித்த எந்த உதவிப் பொறியாளரும் கடப்பாரையை எடுக்க மாட்டார். இப்படி எழுதுங்கள்:

"எங்கள் தெரு முனையில் உள்ள பஸ் நிறுத்தத்தின் நடைபாதை விளிம்பு 31 செ.மீ. உயரம் உள்ளது. விதிப்படி 15 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. நிறுத்தத்தின் தென்புறம் சாய்தளமும், நிழற்குடையில் கைப்பிடியுள்ள இருக்கையும் அமைத்துத் தர வேண்டுகிறோம். இந்த நிறுத்தத்தைப் பயன்படுத்தும் கீழ்க்கண்ட முதியோர் கையொப்பமிட்டுள்ளோம்."

கீழே பெயர், வயது, தெரு. அளவெடுத்த படம் ஒன்று. கைநாட்டு வைப்பவர்கள் பக்கத்தில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து வேண்டாம், கல்லூரி முத்திரையும் வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது தருவார்கள், அந்த எண்தான் உங்கள் சொத்து. ஆனால் கலெக்டரிடம் போவதற்கு முன் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஒரு தடவை நேரில் கேட்டுவிடுவது மரியாதை. பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

ஆர்டிஐ போட்டா ஆபீசர்ஸ் கோவிச்சுக்க மாட்டாங்களா?

சிலர் கோபிப்பார்கள்தான். அதனால் எடுத்த எடுப்பில் போடாதீர்கள், வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காததற்கு மட்டும் போடுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இந்த 30 நாளை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் போடுகிறவர்கள்தான் அதிகம். போடுவதென்றால் இரண்டாவது வாரத்துக்குள் போடுங்கள், பதில் வந்து சேரும் முகவரி சங்க நிர்வாகி ஒருவருடையதாக, அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த வார்டில் 2023-24, 2024-25 ஆண்டுகளில் நடைபாதைப் பணிக்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, பணி ஆணைகளின் நகல்" என்று ஆவணம் கேளுங்கள்.

பெத்தவங்களைப் பார்த்துக்காத பிள்ளைங்க மேல கேஸ் போடலாமான்னு பெரியவங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?

தெரிந்ததைச் சொல்லுங்கள், அறிவுரை சொல்லாதீர்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம், 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். மேல்முறையீடு கலெக்டரிடம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்துசெய்ய 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் கவனிப்போம் என்ற நிபந்தனை இருந்ததா என்பதில்தான் வழக்குகள் சிக்கும். அதனால் பத்திரத்தோடு இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள். அவசரமென்றால் 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை.

இதே சட்டத்தில் யாரும் பேசாத பகுதி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லம் என்கிறது 19-ஆம் பிரிவு. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை என்கிறது 20-ஆம் பிரிவு. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அந்த வரிசை பலகையில் மட்டும் இருக்கிறதா, ஆளும் இருக்கிறாரா என்று ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் மனுவுக்கான விஷயம் கிடைத்துவிடும்.

பாட்டி எங்கிட்ட நல்லாத்தான் பேசினாங்க. மருமக வந்து உக்காந்ததும் "எனக்கு ஒரு கொறையும் இல்ல"ன்னுட்டாங்க. இதை எப்படி எழுதுறது?

இரண்டையும் எழுதாதீர்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்ட பதில் வீட்டுக்காகச் சொன்ன பதில். ரேஷன் வரிசை, கோயில் மண்டபம், மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வந்து பிரஷர் பார்க்கும் நேரம், நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று வெளியில் பேசுங்கள். நோட்டை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மருமகளையும் வில்லியாக்க வேண்டாம். மாமியாரின் மாத்திரைக்காக ஆஸ்பத்திரியில் அரை நாள் நிற்பது பெரும்பாலும் அவர்தான், அவரிடமும் ஒரு கோரிக்கை இருக்கும்.

இன்னொன்று. கூட்டம் போட்டால் வருபவர்கள் யார் என்று கவனியுங்கள். பென்ஷன் வாங்கும், வேட்டி சட்டை மடிப்புக் கலையாத ஆண்கள் முன்வரிசையில் இருப்பார்கள். பூங்காவில் நடைபாதை வேண்டும் என்பார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் தனியாக இருக்கும் விதவைப் பெண்கள், காலனித் தெருவில் இருப்பவர்கள், இன்னமும் கூலிக்குப் போகும் எழுபது வயதுக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவர்களிடம் நீங்கள்தான் போக வேண்டும். கூட்டத்தை எந்தத் தெருவில் போடுகிறீர்கள் என்பதிலேயே யார் வர முடியும் என்பது முடிவாகிவிடுகிறது. இதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள், ஆனால் களத்தில் நாற்காலி போடும்போது மறந்துபோகும்.

ரீல்ஸ் போடலாமா சார்?

சாய்தளத்தை, சிக்னலை, உயரத்தை அளக்கும் டேப்பைப் போடுங்கள். முதியவரின் முகத்தைப் போட வேண்டுமென்றால் எங்கே போடப் போகிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அழும் முகம் வேண்டவே வேண்டாம். ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு இவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம் பயங்கரமானது. மனுவுக்கு நகல் வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுங்கள்.

எம் பொண்ணு கலெக்டர் ஆபீஸ், மனுன்னு போறா. நாளைக்கு கவர்மென்ட் வேலைக்குப் போகும்போது பிரச்னை வராதா?

மனு கொடுப்பது குற்றமில்லை அம்மா. அதற்கென்று அரசே வாராவாரம் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறது. நாங்கள் கட்சிக்கொடி உள்ள மேடையில் மாணவர்களை ஏற்ற மாட்டோம். கவுன்சிலர் எந்தக் கட்சியானாலும் போய்ப் பார்ப்போம். தேர்தல் நேரத்தில் எந்த வேட்பாளருக்கும் மாணவர் பெயரில் அறிக்கை போகாது. போகும் அமைப்பு இப்படி இருக்கிறதா என்று நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நடைபாதையை கிளியர் பண்ணச் சொல்லி சங்கத்துல மனு ரெடி பண்ணச் சொல்றாங்க. ஆனா அங்க பூ விக்கிறதே ஒரு வயசான அம்மாதான். நான் என்ன செய்யணும்?

நல்ல கேள்வி. வருகிற மாணவர்களில் கொஞ்சம் பேர்தான் இதைக் கவனிக்கிறார்கள். அந்தப் பூக்கார அம்மாவும் உங்கள் மனுவின் ஆள்தான். எட்டு கோணங்களில் வேலை என்றும் ஒன்று இருந்ததை இரண்டாவது பதிலில் பாருங்கள். "ஆக்கிரமிப்புகளை அகற்றுக" என்று எழுதினால் முதலில் அகற்றப்படுவது அவருடைய கூடையாகத்தான் இருக்கும். நான்கு சக்கர வாகனம் அங்கேயே நிற்கும்.

மறுபடி டேப்பை எடுங்கள். அகலத்தை உண்மையில் எது தின்கிறது என்று அளந்து எழுதுங்கள்: கூடைக்கு எவ்வளவு, பைக்குகளுக்கு எவ்வளவு, கடைக்காரர் நீட்டிய ஷெட்டுக்கு எவ்வளவு, மின்பெட்டிக்கு எவ்வளவு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு. கணக்கெடுப்பு முடியாமல் வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். மனுவில் "தடையில்லாத 1.8 மீட்டர்" என்று கேளுங்கள், ஆட்களை நீக்கும்படி கேட்காதீர்கள். சங்கத்தில் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அந்த மனுவைத் தயாரிக்க முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் பேசுகிறேன்.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சுது, ஒண்ணுமே நடக்கல. ரிப்போர்ட்ல என்ன சார் எழுதுறது?

நடந்ததை எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த அலுவலகம், யார் பதவியில் இருந்தார், என்ன சொன்னார், எந்த எண்ணில் மனு, அது எங்கே போய் நின்றது. "நிதி இல்லை" என்றாரா, "என் அதிகாரத்தில் இல்லை" என்றாரா, வாங்கிவைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையா? மூன்றும் மூன்று விதமான பதில்கள், அடுத்துப் போக வேண்டிய இடமும் மூன்று. "முதியோரின் வாழ்வில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தினேன்" என்று எழுதி வரும் ரிப்போர்ட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கல்லூரிக்குப் போகும் ரிப்போர்ட் வேறு, எங்களிடம் விட்டுப்போகும் கோப்பு வேறு. கோப்பில் மனு ரசீது, அளவுகள், படங்கள், ஆர்டிஐ போட்டிருந்தால் அதன் நகலும் பதில் வர வேண்டிய தேதியும், எந்த அலுவலகத்தில் எந்த மேஜையில் போய்க் கேட்க வேண்டும் என்ற குறிப்பு. முதியவர்களின் போன் எண்களைத் தனித்தாளில் எழுதி சங்கத்திடம் மட்டும் கொடுங்கள், ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள். அடுத்த பேட்ச் வந்து அதைப் பிரித்ததும் மறுநாளே கிளம்பிப் போகும்படி இருக்க வேண்டும்.

இதுல வேலை கிடைக்குமா?

"முதியோர் கொள்கை" என்று பெயர்ப்பலகை போட்ட வேலைகள் குறைவு. ஆனால் மருத்துவமனை சமூகப்பணி, தொண்டு நிறுவனங்கள், நகரத் திட்டமிடல், சமூக நலத்துறைத் திட்டங்கள் என்று எங்கே நேர்காணலுக்குப் போனாலும், ஒரு மனு எப்படி நகர்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் தனியாகத் தெரிவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உள்ளாட்சி நிர்வாகப் பாடம் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

சர்டிஃபிகேட் எப்ப குடுப்பீங்க?

கோப்பை ஒப்படைத்த அன்று. டேப்பையும் சேர்த்து.